நின்று கெடும் ஜெனரேட்டர்

பழைய ஜெனரேட்டர் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, "இது எவ்வளவு ஓடின மிஷின்?" என்பதுதான். பைக்கும் காரும் வாங்கிப் பழகியவர்களுக்கு வேறு கேள்வி தோன்றுவதில்லை. கையால் தூக்கக்கூடிய சின்ன பெட்ரோல் ஜெனரேட்டரைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு உண்டு. கடைசியாக எப்போது ஓடியது? அதற்குப் பிறகு டேங்கில் பெட்ரோலை அப்படியே விட்டு வைத்திருந்தார்களா? இந்த வகை இயந்திரங்கள் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம்.

இது பெங்களூருக்கு மிகவும் பொருந்தும். இந்தியாவில் முதலில் மின்சாரம் கண்ட நகரங்களில் பெங்களூரு ஒன்று. காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் 1902-ல் தொடங்கிய நீர்மின் நிலையம் முதலில் சுமார் 147 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் அனுப்பியது. 1905 ஆகஸ்ட் 5-ஆம் தேதி சிட்டி மார்க்கெட் பகுதியில் மின்விளக்குகள் எரிந்தன. அந்தக் காலம் முதல் நெடுநாள் கர்நாடகம் நீர்மின்சாரத்தையே பெரிதும் நம்பியிருந்ததால், பருவமழை பொய்த்த ஆண்டுகளில் மின்வெட்டு கூடவே வந்தது. 2023-ல் அணைகளில் நீர் குறைந்தபோதும் மாநிலம் அந்த நெருக்கடியைப் பார்த்தது.

ஆனாலும் நகரத்துக்குள் இன்று மணிக்கணக்காக மின்சாரம் போவதற்கு வழக்கமான காரணம் வேறு. ஏப்ரல், மே மாதங்களில் மாலையில் திடீரென்று வரும் கோடை மழையில் ஒரு பெரிய மரக்கிளை முறிந்து கம்பி மேல் விழுந்தால், ஒரு தெருவே இருளில் மூழ்கும். வீடுகளில் பேட்டரி இன்வெர்ட்டர் வந்துவிட்டதால் சில மணி நேரத்தைத் தள்ளிவிடலாம். அதற்கும் மேலே போனால்தான் பரணிலோ கடையின் பின்புறத்திலோ கிடக்கும் ஜெனரேட்டரின் ஞாபகம் வரும். அல்சூரில் ஆடி மாதம் கூழ் ஊற்றும் விழாவுக்கு, பிள்ளையார் ஊர்வலத்துக்கு, தெருவோரச் சாப்பாட்டு வண்டிக்கு என்று அவ்வப்போது அதை எடுப்பவர்களும் உண்டு. இரண்டு பயன்பாட்டுக்கும் நடுவே மாதக்கணக்கில் அது சும்மா நிற்கிறது. அந்த நாட்களில்தான் அதற்குள் வேதியியல் வேலை செய்கிறது.

டேங்கில் நடப்பது என்ன?

பெட்ரோல் ஒரே ஒரு பொருள் அல்ல. நூற்றுக்கும் மேற்பட்ட ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றில் எடை குறைந்த மூலக்கூறுகள் எளிதில் ஆவியாகும். குளிர்ந்த இன்ஜின் முதல் இழுப்பில் பற்றிக்கொள்வது அவற்றால்தான். டேங்கில் பெட்ரோல் கிடக்கக் கிடக்க முதலில் வெளியேறுவதும் அவையே. மிஞ்சுவது கனமான பகுதி. அது எரியும், ஆனால் பற்ற வைப்பது கடினம். இன்னொரு பக்கம், பெட்ரோலில் உள்ள ஒலிஃபின் வகை மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்ஸிஜனுடன் வினைபுரிந்து பிசினாக மாறுகின்றன. அந்தப் பிசின் காய்ந்தால் மரச்சாமானுக்கு அடிக்கும் வார்னிஷ் மாதிரி பழுப்பாக ஒட்டிக்கொள்ளும். திறந்தவுடன் புளித்த, பெயின்ட் போன்ற வாசனை வந்தால் அந்த பெட்ரோல் கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

இது எப்போதும் இருந்த பிரச்சினை. இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது எத்தனால். இந்தியாவில் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலக்கும் இலக்கு 2022 ஜூனில் எட்டப்பட்டது. அடுத்த கட்டமான 20 சதவீதக் கலப்பு, அதாவது இ20, 2023 பிப்ரவரி 6-ஆம் தேதி பெங்களூரில் நடந்த இந்திய எரிசக்தி வாரத்தில்தான் பிரதமரால் தொடங்கி வைக்கப்பட்டது. அன்று 11 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளிலுள்ள 84 பங்க்குகளில் ஆரம்பித்தது, 2025-க்குள் நாடெங்கும் பரவிவிட்டது. பத்து, இருபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட ஜெனரேட்டருக்கு இப்படி ஒரு எரிபொருள் வரும் என்று தெரியாது. பழைய கையேடுகள் பலவற்றில் 10 சதவீதத்துக்கு மேல் எத்தனால் கலந்த பெட்ரோல் கூடாது என்றே அச்சிட்டிருப்பார்கள்.

எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். பெங்களூரில் பகலுக்கும் இரவுக்கும் வெப்ப வேறுபாடு அதிகம். பிப்ரவரி, மார்ச்சில் 15 டிகிரி செல்சியஸ் வரைகூட இருக்கும். பாதி காலியான டேங்க் பகல் வெயிலில் சூடேறி, உள்ளே இருக்கும் காற்றை மூடியின் துளை வழியே வெளியே தள்ளும். இரவில் குளிர்ந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றோடு ஈரமும் வருகிறது. 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் தன் அளவில் சுமார் அரை சதவீதத் தண்ணீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு டீஸ்பூன். இ20 இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். எல்லை தாண்டியதும், அல்லது வெப்பம் சட்டென்று இறங்கியதும், எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தனி அடுக்காகத் தங்கிவிடும். எரிபொருள் குழாய் புறப்படுவது டேங்கின் அடியிலிருந்துதான். கயிற்றை இழுக்கும்போது கார்புரேட்டருக்கு முதலில் போவது பெட்ரோல் அல்ல, இந்தத் தண்ணீர்க் கலவை. எத்தனை முறை இழுத்தாலும் இன்ஜின் பேசாது.

எத்தனாலுக்கு இன்னொரு குணமும் உண்டு. பழைய ரப்பர் குழாய்கள், வாஷர்கள் சிலவற்றை அது உப்ப வைக்கும், சிலவற்றை மொறமொறப்பாக்கும். ஆண்டுக்கணக்கில் டேங்கில் படிந்த அழுக்கைக் கரைத்து இழுத்து வரும். ஈரத்தோடு சேர்ந்தால் அலுமினியத்தையும் துத்தநாகக் கலவையையும் அரிக்கும். ஆகவே பழைய ஜெனரேட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலை, டேங்கை முழுவதும் காலி செய்வது. அந்தப் பழைய பெட்ரோலை ஒரு கண்ணாடி ஜாடியில் ஊற்றிச் சில நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் இயந்திரத்தின் கதை பாதி விளங்கிவிடும். பிறகு எரிபொருள் குழாயை எத்தனால் தாங்கும் புதிய குழாயாக மாற்ற வேண்டும். செலவு சொற்பம், பயன் பெரிது.

கார்புரேட்டரைத் திறந்தால்

ஓடாத ஜெனரேட்டரில் கோளாறு பெரும்பாலும் கார்புரேட்டரில்தான் ஒளிந்திருக்கும். டேங்கிலிருந்து வரும் எரிபொருள் வால்வை மூடிவிட்டு, கார்புரேட்டருக்கு அடியில் கிண்ணம் போலத் தொங்கும் பகுதியின் ஒற்றை போல்ட்டைக் கழற்றினால் அந்தக் கிண்ணம் கையோடு வரும். உள்ளே ஒரு மிதவை. அதன் முதுகில் ஊசி வால்வு. கிண்ணத்தில் பெட்ரோல் நிரம்பினால் மிதவை எழுந்து ஊசியால் வழியை அடைக்கும். குறைந்தால் இறங்கித் திறக்கும். மிகப் பழைய, மிக எளிய, இன்றும் அழகான ஏற்பாடு.

கிண்ணத்தின் அடியைக் கவனியுங்கள். பழுப்புப் பிசின் இருந்தால் பெட்ரோல் காய்ந்திருக்கிறது. வெள்ளைப் பொடி இருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டிருக்கிறது. பித்தளைப் பாகங்களில் பச்சை படிந்திருந்தால் அங்கே தண்ணீர் குடியிருந்திருக்கிறது. கிண்ணம் இருந்த இடத்துக்கு மேலே, நடுத்தூணுக்குள் பித்தளையில் ஒரு சின்னத் திருகு தெரியும். அதுதான் மெயின் ஜெட். சரியான அகலமுள்ள ஸ்க்ரூடிரைவரால் அதைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அந்தத் துளை வழியே முழு வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். பிறை வடிவத்தில் தெரிந்தால் பிசின் பாதியை மூடியிருக்கிறது. இன்ஜின் சோக் போட்டால் மட்டும் ஓடி, சோக்கைத் தள்ளியதும் நின்றுவிடுகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான். சோக் காற்றைக் குறைக்கிறது. பாதி அடைத்த ஜெட் தரும் கொஞ்சம் பெட்ரோலுக்கும் அந்தக் குறைந்த காற்றுக்கும் கணக்குச் சரியாகிவிடுகிறது. காற்று முழுதாக வந்ததும் பெட்ரோல் போதாமல் போகிறது.

இந்தத் துளையை இரும்புக் கம்பியால் குத்தக் கூடாது. பித்தளை மென்மையானது, துளை அரை மயிரிழை பெரிதானாலும் எரிபொருள் அளவு மாறிவிடும். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து ஊற வைத்து, பிறகு காற்றடித்துச் சுத்தம் செய்வதே முறை. ஊசி வால்வின் நுனியில் தேய்ந்த வளையம் தெரிந்தால் மாற்ற வேண்டும். இல்லையென்றால் கிண்ணம் நிரம்பி வழிந்து பெட்ரோல் ஏர் ஃபில்டருக்கும், சில சமயம் சிலிண்டர் வழியே ஆயிலுக்கும் போய்ச் சேரும். ஆயில் அளவு தானாக ஏறியிருந்து, முகர்ந்தால் பெட்ரோல் வாசனை அடித்தால் இன்ஜினை ஓட்டவே கூடாது. ஆயிலை மாற்றிய பிறகுதான் அடுத்த வேலை.

நம் ஊரில் பழையதாகக் கிடைப்பவற்றில் மண்ணெண்ணெயில் ஓடும் வகையும் உண்டு. பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். நிறுத்துவதற்குச் சில நிமிடம் முன்பே மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பிவிட வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிண்ணத்தில் மண்ணெண்ணெய் நின்றுவிட்டால், குளிர்ந்த இன்ஜினில் அது ஆவியாகாது. அடுத்த முறை ஸ்டார்ட் ஆகாது.

உயரமான ஊரின் கணக்கு

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னைக் காற்றைவிட இங்கே காற்று அடர்த்தி எட்டு, ஒன்பது சதவீதம் குறைவு. இன்ஜின் ஒவ்வொரு முறை மூச்சிழுக்கும்போதும் உள்ளே வரும் ஆக்ஸிஜனும் அந்த அளவுக்குக் குறைகிறது. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் இன்ஜினின் திறன் ஏறத்தாழ 3.5 சதவீதம் குறையும் என்பது தயாரிப்பாளர் கையேடுகளில் காணும் பொதுக்கணக்கு. அதன்படி பெங்களூரில் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் இழப்பு. பலகையில் 2000 வாட் என்று போட்டிருந்தால் இங்கே 1800 வாட் என்று வைத்துக்கொள்வதே சரி. சென்னையில் நன்றாகச் சுமை இழுத்த இயந்திரம் இங்கே திணறினால் விற்றவரைக் குறை சொல்ல முடியாது.

காற்று மெலிந்தால் கார்புரேட்டரில் இன்னொன்றும் நடக்கிறது. காற்று குறையும் விகிதத்தில் பெட்ரோல் குறைவதில்லை. ஆகவே கலவை கொஞ்சம் கெட்டியாகிறது. பெங்களூரு உயரத்துக்கு இந்த மிகை நான்கு, ஐந்து சதவீதம். எத்தனால் இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இ20-க்கு ஏறத்தாழ 13.5. ஜெட்டின் துளை அளவு மாறாததால், இ20 போட்டால் கலவை எட்டு சதவீதம் வரை மெலிகிறது. கடற்கரை ஊரில் இந்த மெலிவு முழுதாகத் தெரியும். இன்ஜின் சூடாகும், தடுமாறும். பெங்களூரில் உயரம் தரும் கெட்டியும் எத்தனால் தரும் மெலிவும் ஒன்றையொன்று ஓரளவு ஈடுகட்டிவிடுகின்றன. ஆகவே இங்கே ஜெட்டை மாற்றத் தேவையில்லை. ஊட்டி, கொடைக்கானல் போன்று 2000 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களுக்கு அதே இயந்திரத்தைக் கொண்டுபோய் வழக்கமாக ஓட்டுவதானால், மலைப்பகுதிக்கு உரிய ஜெட் மாற்றம் பற்றி மெக்கானிக்கைக் கேட்பது நல்லது.

கலவை எப்படி இருக்கிறது என்பதை ஸ்பார்க் பிளக் சொல்லிவிடும். சுமையோடு ஓடிய பிறகு கழற்றிப் பார்த்தால் நுனி வெளிர் பழுப்பாக இருக்க வேண்டும். உலர்ந்த கரிப்புகை கெட்டியான கலவையையோ அடைத்த ஏர் ஃபில்டரையோ காட்டும். எண்ணெய்ப் பசையோடு கறுத்திருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு வழிகாட்டியோ தேய்ந்திருக்கிறது. அதுதான் உண்மையில் ஓடித் தேய்ந்த இயந்திரம், விலை பேசும்போது அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். பிளக் இடைவெளி பெரும்பாலான சின்ன இன்ஜின்களுக்கு 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர்.

அரை லிட்டர் ஆயில்

இந்த இன்ஜின்களில் ஆயில் ஃபில்டர் கிடையாது, பம்ப்பும் பெரும்பாலும் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியிலுள்ள சின்ன அகப்பையோ பல்சக்கரமோ ஆயிலை வாரி எல்லாப் பக்கமும் தெறிக்கவிடுவதுதான் மசகு ஏற்பாடு. மொத்த ஆயிலே பல மாடல்களில் அரை லிட்டர் அளவுதான். தேய்ந்த உலோகத் தூள், கரி, நீர் எல்லாம் அந்த அரை லிட்டரிலேயே சுற்றிச் சுற்றி வரும். ஆகவேதான் நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஸ்கூட்டருக்கு நூறு மணி நேரம் என்பது 3000 கிலோமீட்டர். ஸ்கூட்டருக்கு மறக்காமல் ஆயில் மாற்றுகிறவர்கள் ஜெனரேட்டரை ஆண்டுக்கணக்கில் மறந்துவிடுகிறார்கள்.

இதில் ஆறு மாதக் கணக்குக்கும் காரணம் உண்டு. பெட்ரோல் எரிந்தால் கார்பன் டை ஆக்ஸைடோடு நீராவியும் உண்டாகிறது. அதில் கொஞ்சம் ரிங்குகளைக் கடந்து ஆயிலுக்கு வரும். இன்ஜின் நன்றாகச் சூடேறினால் அந்த நீர் ஆவியாகி மூச்சுக்குழாய் வழியே வெளியேறும். 'ஓடுகிறதா' என்று பார்க்க இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்துகிறவர்கள் அந்த நீரை உள்ளேயே விட்டுவிடுகிறார்கள். ஆயில் மூடியில் பால் கலந்த மாதிரி வெள்ளைப் பசை படிந்திருந்தால் அது இப்படிப்பட்ட குறுகிய ஓட்டங்களின் அடையாளம். அரைகுறையாக ஓட்டுவதைவிட ஓட்டாமலேயே இருக்கலாம்.

பழைய இயந்திரத்தை வாங்கியவுடன், ஆயில் பார்க்க எவ்வளவு தெளிவாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது வடித்தால் அழுக்கும் சேர்ந்து வரும். கையேடு சொல்லும் தரத்தில், பெரும்பாலும் 10டபிள்யூ-30, சமதளத்தில் வைத்து ஊற்ற வேண்டும். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்ச் வகையானால் சோப்பு நீரில் அலசி, காய வைத்து, சில சொட்டு ஆயிலில் நனைத்துப் பிழிந்து மாட்ட வேண்டும். கைபட்டதும் பொடிந்து போனால் புதியது வாங்கியாக வேண்டும்; அந்தப் பொடி சிலிண்டருக்குள் போனால் செலவு பல மடங்கு.

காந்தத்தை மறந்த சுருள்

இன்ஜின் ஓடிவிட்டது, ஆனால் மின்சாரம் வரவில்லை. நெடுநாள் நின்ற ஜெனரேட்டரில் இது அடிக்கடி காணும் சங்கடம். வைண்டிங் போய்விட்டது என்று சொல்லி பெரிய தொகை கேட்பவர்கள் உண்டு. அவசரப்பட வேண்டாம்.

காந்தப்புலம் மாறினால் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டறிந்தார். எல்லா ஜெனரேட்டருக்கும் அதுவே அடிப்படை. ஆனால் நம் வழக்கமான சின்ன ஜெனரேட்டரின் சுழலும் பகுதியான ரோட்டரில் நிரந்தரக் காந்தம் கிடையாது, மின்காந்தம்தான். அந்த மின்காந்தத்துக்கு வேண்டிய மின்சாரத்தை ஜெனரேட்டரே தர வேண்டும். மின்சாரம் பிறக்கக் காந்தம் வேண்டும், காந்தத்துக்கு மின்சாரம் வேண்டும். இந்தச் சிக்கலை அவிழ்ப்பது, ரோட்டரின் இரும்பில் கடைசி ஓட்டத்திலிருந்து எஞ்சி நிற்கும் மிக மெல்லிய காந்தத்தன்மை. அது சில வோல்ட்டைப் பிறப்பிக்கும். அந்தச் சில வோல்ட் காந்தத்தை வலுவாக்கும். வலுவான காந்தம் இன்னும் வோல்ட் தரும். ஓரிரு நொடிகளில் 230 வோல்ட்டுக்கு ஏறிவிடும். அந்த இடத்தில் நிறுத்திப் பிடிப்பது ஏ.வி.ஆர். எனும் வோல்டேஜ் கட்டுப்பாட்டுப் பெட்டி, அல்லது சில மாடல்களில் ஒரு கண்டென்சர்.

நெடுங்காலம் ஓடாமல் கிடந்தாலும், வண்டியில் ஏற்றி இறக்கும்போது பலமாக அடிபட்டாலும் அந்த எஞ்சிய காந்தம் மங்கிப் போகலாம். அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் ஏ.வி.ஆர். கம்பியை விலக்கிவிட்டு, பிரஷ் வழியாகச் சரியான முனைகளில் 12 வோல்ட் பேட்டரியைச் சில நொடி தொட்டு ரோட்டருக்குக் காந்தத்தை நினைவூட்டுவார். அதற்கு முன் பிரஷும் அது உரசும் வளையமும் களிம்பேறாமல் இருக்கின்றனவா, வைண்டிங்கில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று மின்காப்பைச் சோதிக்கும் மெக்கர் கருவி வைத்துப் பார்ப்பார். ஈரமென்றால் உலர்த்தினால் போதும். இத்தனையும் பார்த்த பிறகுதான் ரீவைண்டிங் பேச்சு.

இஸ்திரிப் பெட்டிச் சோதனை

வாங்கும்போதே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஒரு பல்பை எரியவிட்டு 'பார்த்தீங்களா, கரென்ட் வருது' என்று காட்டுவது சோதனை ஆகாது. ஒரு மல்டிமீட்டரையும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியையும் கையில் எடுத்துப் போங்கள். இயந்திரத்தின் திறன் அதற்குத் தாங்கும் என்பதை முதலில் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்கமான சின்ன ஜெனரேட்டரில் ரோட்டருக்கு இரண்டு துருவம். நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் நொடிக்கு 50 சுழற்சி, அதாவது 50 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸ் நாட்டுக்காகச் செய்தவை 3600 சுற்றில் ஓடும். இறக்குமதியாகி வந்த பழைய இயந்திரம் எதையும் வாங்குமுன் பலகையில் இதைப் பார்க்க வேண்டும். சுமையில்லாமல் 51 முதல் 53 ஹெர்ட்ஸ் காட்டுவது இயல்பு. இஸ்திரிப் பெட்டியைப் போட்டதும் இன்ஜின் ஒரு கணம் தடுமாறி, வேகத்தைச் சீராக வைக்கும் கவர்னர் த்ராட்டிலைத் திறந்து, ஓரிரு நொடியில் 50-க்கு அருகில் நிலைகொள்ள வேண்டும். வோல்டேஜும் 230-க்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஏறி இறங்கி ஆடிக்கொண்டே இருந்தால் கவர்னர் இணைப்போ கார்புரேட்டரின் ஜெட்டோ கவனம் கேட்கிறது.

நம் வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் இந்தத் தடுமாற்றம் தெரிவதில்லை. 2013 டிசம்பர் 31-ஆம் தேதி கர்நாடகத்தின் ராய்ச்சூரையும் மகாராஷ்டிரத்தின் சோலாப்பூரையும் இணைத்த 765 கிலோவோல்ட் கம்பி வழியாகத் தென்னகக் கட்டமைப்பு தேசியக் கட்டமைப்போடு ஒரே தாளத்தில் இணைந்தது. நாடெங்கும் சுழலும் ராட்சத டர்பைன்களின் உந்தம் மொத்தமும் சேர்ந்து அந்த 50 ஹெர்ட்ஸைத் தாங்குகிறது. நீங்கள் மிக்ஸியைப் போடுவது அதற்கு ஒரு பொருட்டே அல்ல. கையில் தூக்கும் ஜெனரேட்டரில் சில கிலோ எடையுள்ள ஒரே ஒரு ஃபிளைவீல்தான் அந்தப் பாரத்தை ஏற்கிறது. ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் போன்றவை புறப்படும் கணத்தில் வழக்கத்தைவிட மூன்று முதல் ஆறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். ஆகவே பெரிய மோட்டாரை முதலில் போட்டு, அது நிலைகொண்ட பிறகு மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். கம்ப்யூட்டர் போன்ற நுண்கருவிகளுக்கு, மின்சாரத்தை நேர்மின்னாக்கி மறுபடி சீரான அலையாக்கித் தரும் இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டரே ஏற்றது.

உயிரோடு விளையாடும் இரண்டு தவறுகள்

இங்கே சமரசமே கூடாது. முதலாவது, கார்பன் மோனாக்ஸைடு. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், அசதி என்று தொடங்கி, ஆபத்து என்று உணர்வதற்குள் எழுந்து நடக்கும் சக்தியை எடுத்துவிடும். பெங்களூரு மழையில் ஜெனரேட்டர் நனையக் கூடாது என்று பால்கனியிலும், படிக்கட்டின் அடியிலும், பேஸ்மென்ட்டிலும், பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னாலும் வைத்து ஓட்டுகிறார்கள். ஜன்னலைத் திறந்து வைத்தாலும், ஃபேன் போட்டாலும் அது பாதுகாப்பு ஆகாது. வீட்டிலிருந்து குறைந்தது ஆறு மீட்டர் தள்ளி, புகை வாசல் ஜன்னல்களுக்கு எதிர்ப்பக்கம் பார்க்கும்படி, திறந்த வெளியில் மட்டுமே ஓட்ட வேண்டும். அப்படி ஓர் இடம் இல்லாதவர்கள் பெட்ரோல் ஜெனரேட்டரே வாங்காமல் பேட்டரி இன்வெர்ட்டரோடு நிற்பதுதான் சரி.

இரண்டாவது, இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரால் ஜெனரேட்டரை வீட்டுச் சுவரின் சாக்கெட்டில் செருகுவது. மெயினை மறந்து ஆன் நிலையிலேயே விட்டுவிட்டால், உங்கள் 230 வோல்ட் தெருவுக்குப் போகும். தெருமுனையிலுள்ள டிரான்ஸ்ஃபார்மர் 11,000 வோல்ட்டை வீட்டுக்கான அளவுக்கு இறக்குகிறது. பின்பக்கமாக மின்சாரம் போனால் அதே டிரான்ஸ்ஃபார்மர் உங்கள் வோல்டேஜை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏற்றிவிடும். மழையில் விழுந்த கிளையை அகற்றி, நமக்கு மின்சாரம் திருப்பித் தரக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் மேல் அது பாயும். லைன் செத்திருக்கிறது என்று நம்பித்தான் அவர் ஏறியிருக்கிறார். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச்சை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் பொருத்த வேண்டும். இல்லையென்றால் கருவிகளை எக்ஸ்டென்ஷன் வயரால் ஜெனரேட்டரில் நேராகச் செருக வேண்டும்.

பெட்ரோல் ஊற்றுவதானால் இன்ஜினை நிறுத்தி, சைலன்ஸர் ஆறும்வரை காத்திருங்கள். கேட்டுத் தொந்தரவு செய்யும் வாடிக்கையாளருக்காகவோ பாதியில் நின்ற பாட்டுக் கச்சேரிக்காகவோ அந்தச் சில நிமிடத்தைக் குறைக்கக் கூடாது.

நிறுத்தி வைக்கும் முறை

ஜெனரேட்டரை நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களைவிட அதை முறையாக நிறுத்தத் தெரிந்தவர்களிடம்தான் அது பல்லாண்டு இருக்கும். ஒரு மாதத்துக்கு மேல் தேவைப்படாது என்று தெரிந்தால், டேங்கைக் காலி செய்து, எரிபொருள் வால்வை மூடி, தானாக நிற்கும்வரை ஓட விட வேண்டும். பிறகு கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி, மிச்சமிருக்கும் சில சொட்டுகளையும் வடிக்க வேண்டும். மெயின் ஜெட்டை அடைப்பது அந்தச் சில சொட்டுகள்தான். வடித்த பெட்ரோல் புதிதாக இருந்தால் வீணாக்க வேண்டாம், பைக்கில் ஊற்றிவிடலாம்.

அதற்கும் மேல் மாதக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒரு டீஸ்பூன் ஆயிலை உள்ளே விட்டு, கயிற்றை மெதுவாகச் சில முறை இழுத்து, பிளக்கை மாட்டுங்கள். பிறகு கயிற்றை மெல்ல இழுத்து, கை கனக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அது அமுக்க வீச்சு. இரண்டு வால்வுகளும் அப்போது மூடியிருக்கும். சிலிண்டருக்குள் ஈரக்காற்று புக வழியிருக்காது, துருவும் பிடிக்காது. ஒரு சின்னக் கை அசைவுக்குப் பின்னால் இவ்வளவு கணக்கு இருக்கிறது.

அடிக்கடி தேவைப்படும் என்கிறவர்களுக்கு வழி வேறு. மாதம் ஒருமுறை, புதிய பெட்ரோலில், இருபது நிமிடம், பாதிச் சுமையாவது கொடுத்து ஓட்ட வேண்டும். ஜெட் வழியே புதிய பெட்ரோல் ஓடும், ஆயிலிலிருந்து நீர் வெளியேறும், வைண்டிங் உலரும், ரோட்டரின் காந்தம் புதுப்பிக்கப்படும். மேலே சொன்ன கோளாறுகளில் அநேகமாக எல்லாவற்றையும் அந்த இருபது நிமிடம் தடுத்துவிடுகிறது.

பழையதை வாங்கிப் பராமரிப்பது ஏழ்மையின் அடையாளம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகவே படுகிறது. நல்ல இரும்பும் செம்பும் அலுமினியமும் சேர்த்துக் கட்டிய ஓர் இயந்திரம், இருபது ரூபாய் வாஷருக்காகவும் அடைத்துப்போன ஒரு துளைக்காகவும் காயலான் கடைக்குப் போவது பெரிய வீண். மார்ச் கடைசியில், கோடை மழைக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை இதற்கு ஒதுக்குங்கள். ஆயில், பிளக், ஃபில்டர், பெட்ரோல் குழாய், இஸ்திரிப் பெட்டிச் சோதனை. அடுத்த தேதியை ஒரு ஸ்டிக்கரில் எழுதி டேங்க் மேல் ஒட்டிவிட்டால், நீங்கள் இல்லாதபோது அதை எடுக்கிறவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும்.